குளிர் கீழிருந்து வந்தது: டவுன் குயில்ட்டோடு மலையில் தூங்கப் பழகியது

விடியற்காலை மூன்று மணி இருக்கும். முதுகு சில்லிட்டு விழிப்பு வந்தது. நெஞ்சுப் பக்கம் கதகதப்பாகவே இருந்தது, பாதத்திலும் குறையில்லை. தோள்பட்டைக்குக் கீழேயும் இடுப்பிலும் மட்டும், நனைந்த சிமென்ட் தரையில் வெற்றுடம்போடு படுத்ததுபோல ஒரு குளிர் ஏறிக்கொண்டிருந்தது. சரி, ஒருக்களித்துப் படுக்கலாம் என்று புரண்டேன். புரண்டதில் போர்வையின் ஓரம் தூக்கிக்கொண்டது. அவ்வளவு நேரம் உள்ளே சேர்ந்திருந்த சூடு ஒரே மூச்சில் வெளியே போய்விட்டது.

“என்ன அத்தான், தூங்கலையா?” பக்கத்தில் மனைவியின் தம்பி, ஸ்லீப்பிங் பேக்குக்குள் மூக்கு மட்டும் தெரியப் படுத்திருந்தான்.

“முதுகு குளிருது மாப்ளே. இந்தப் போர்வை சரியில்லன்னு தோணுது.”

“மேல குளிருதா, கீழ குளிருதா?”

“கீழதான்.”

“அப்ப போர்வை என்ன பண்ணும்? பேக்பேக்கைக் காலி பண்ணி அடியில போட்டுப் படுங்க.”

காலியான பேக்பேக்கையும் மழைக்கோட்டையும் பேடுக்கு, அதாவது நான் படுத்திருந்த காற்று மெத்தைக்கு, அடியில் விரித்தேன். பத்து நிமிடத்தில் குளிர் பாதியாகக் குறைந்தது. அப்புறமும் சரியாகத் தூங்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் மேலா, கீழா என்று அவன் கேட்டது மனதில் தங்கிவிட்டது. அதைக் கேட்காமலே போயிருந்தால், ஊருக்குத் திரும்பியதும் அந்த நல்ல டவுன் குயில்ட்டை, மெல்லிறகு அடைத்த அந்தப் போர்வையை, யாருக்காவது கொடுத்துவிட்டிருப்பேன்.

இது நடந்தது கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், லையல் கேன்யனில், ஓர் அக்டோபர் முதல் வாரத்தில். டுவாலமி மெடோஸிலிருந்து முதல் நான்கு மைலுக்குள் கூடாரம் போடக் கூடாது என்பது விதி. அதைத் தாண்டி, சுமார் 2,700 மீட்டர் உயரத்தில், ஆற்றை ஒட்டிய புல்வெளியின் விளிம்பில் படுத்திருந்தோம். காலையில் பாட்டில் தண்ணீர் மேலே உறைந்து கிடந்தது. புல்வெளி முழுக்க வெள்ளை. ஊட்டியில் ஜனவரிக் காலையில் பார்ப்போமே, அதே உறைபனி.

குயில்ட்டை வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் என்னிடம் இருந்தது 1.4 கிலோ எடையில், செயற்கை இழை அடைத்த ஒரு மம்மி பேக், தலை முதல் கால் வரை உடம்பை ஒட்டி மூடும் ஸ்லீப்பிங் பேக். நான் ஒருக்களித்து, முழங்காலை மடக்கித் தூங்குகிறவன். மம்மி பேக்குக்குள் முழங்கால் மடங்காது. புரண்டால் தலைமூடி முகத்துக்கு வந்துவிடும். குயில்ட்டில் அந்தக் கட்டு எதுவும் கிடையாது. மேலே போர்த்திக்கொள்ளும் பகுதி மட்டும் இருக்கும், அடிப்பாகம் திறந்தே இருக்கும். கால் பக்கம் ஒன்றரை, இரண்டு அடி நீளத்துக்குப் பைபோல மூடியிருக்கும். என்னுடையது மொத்தமே 640 கிராம்.

அடிப்பாகம் ஏன் இல்லை என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். இலவம் பஞ்சு மெத்தையில் தூங்கியவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். வெயிலில் காயப்போட்ட மெத்தை புசுபுசுவென்று உப்பி நிற்கும். அந்த உப்பலுக்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. அதன்மேல் ஆள் படுத்தால் உப்பல் நசுங்கிவிடும். ஸ்லீப்பிங் பேக்கில் நம் உடம்புக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் இறகும் அப்படித்தான், பெரிதாக எதையும் தடுக்காது. பிறகு அதை எதற்குச் சுமக்க வேண்டும் என்று 1990களில் விடாமல் கேட்டவர் ரே ஜார்டின், பாறையேறியும் நெடுந்தூர நடையருமானவர். அவர் தன் போர்வைகளைத் தானே தைத்துக்கொண்டார். இன்று அமெரிக்காவின் நெடும்பாதைகளில் குயில்ட் சகஜமாகிவிட்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

டவுன் என்பதற்குத் தமிழில் தூவி என்ற அழகான சொல் ஏற்கெனவே இருக்கிறது. வாடைக்காற்று வீசும் இரவில் அரசியின் கட்டிலில் அன்னத்தின் தூவி மெத்தை விரித்திருந்ததாகச் சங்கப் பாட்டே சொல்கிறது. நம் குயில்ட்டில் இருப்பது வாத்தின் அல்லது பெருவாத்தின் தூவி. காம்புள்ள வெளியிறகு அல்ல, அதற்கு அடியில் நெஞ்சுப் பக்கம் இருக்கும் பஞ்சு போன்றது. அதன் தரத்தை ஃபில் பவர் என்ற எண்ணால் சொல்கிறார்கள். 850 என்றால், ஓர் அவுன்ஸ் தூவி, அதாவது 28 கிராம், 850 கன அங்குலம் உப்பும். லிட்டரில் சொன்னால் ஏறக்குறைய 14. உள்ளங்கையில் அள்ளக்கூடிய 28 கிராம், ஒரு பிளாஸ்டிக் குடத்தையே நிரப்பிவிடும்! என் குயில்ட்டில் சுமார் 400 கிராம் தூவி, மீதி துணி.

இனி அந்த இரவில் நான் செய்த தவறுகளுக்கு வருகிறேன்.

பெரிய தவறு பேட். குயில்ட்டுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, கோடைக்காக வாங்கிய பழைய காற்றுப் பேட் போதும் என்று இருந்துவிட்டேன். உள்ளே எந்தத் தடுப்பும் இல்லாத வெறும் காற்றுப் பை அது. இரவெல்லாம் உள்ளேயிருக்கும் காற்று சுழன்று, உடம்புச் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே இருக்கும். பேட் எவ்வளவு குளிரைத் தடுக்கும் என்பதை ஆர் மதிப்பு என்று குறிப்பார்கள். என் பேடுக்கு அது ஒன்றுக்கும் கீழே. மடக்கி எடுத்துப்போகும் சாதாரண ஃபோம் பேட்கூட 2 தரும். தெர்மரெஸ்ட் நியோஏர் எக்ஸ்லைட் என்ற காற்றுப் பேடின் இப்போதைய வடிவத்துக்கு 4.5. எல்லாக் கம்பெனிகளும் ஒரே முறையில் அளப்பதற்கு ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற தரநிலை வந்துவிட்டதால், ஒரு கம்பெனி எண்ணை இன்னொன்றோடு நம்பி ஒப்பிடலாம். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இந்த எண்களை அப்படியே கூட்டிக்கொள்ளலாம் என்பது. 2 உள்ள ஃபோமை அடியில் போட்டு, மேலே 4.5 உள்ளதை வைத்தால் 6.5. இரவு சுழியத்துக்குக் கீழே போகும் என்றால் நான் 4க்குக் குறைந்து போவதில்லை. யாராவது குயில்ட் வாங்கப்போகிறேன் என்று சொன்னால், “பேட் என்ன வைத்திருக்கிறீர்கள்?” என்றுதான் முதலில் கேட்கிறேன்.

இரண்டாவது, பட்டைகளை வீட்டில் வைத்துவிட்டுப் போனது. குயில்ட்டோடு இரண்டு எலாஸ்டிக் பட்டைகள் வரும். அவற்றைப் பேடைச் சுற்றிப் போட்டு, குயில்ட்டின் ஓரக் கொக்கிகளை அதில் மாட்ட வேண்டும். ஐம்பது கிராம்கூட இருக்காது. எதற்கு இது என்று எடுத்துப் போட்டுவிட்டேன். அதனால்தான் புரண்டதும் ஓரம் தூக்கிக்கொண்டது. பட்டை இருந்தால் குயில்ட் பேடோடு சேர்ந்து நிற்கும், நாம் மட்டும் உள்ளே புரளலாம். ஆனால் கொக்கியைப் பேடின் விளிம்பில் இழுத்து மாட்டினால், கூரைபோல விறைத்து நின்று தோள் பக்கம் சந்து விழும். கொஞ்சம் உள்ளே தள்ளி, ஓரத் துணி உடம்புக்கு அடியில் மடிந்து கிடக்கும்படி மாட்ட வேண்டும். இது பிடிபட எனக்கு மூன்று இரவுகள் ஆயின. வீட்டுக் கூடத்தில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். மலையில், இருட்டில், விறைத்த விரலோடு அந்தக் கொக்கியைத் தேடுவது கஷ்டம்.

அகலத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒருக்களித்துத் தூங்குகிறவர்கள் 54 அங்குலத்தை விட்டுவிட்டு 58 எடுங்கள். கூடுதல் எடை கொஞ்சம்தான். ஜாக்கெட்டோடு படுக்கும் குளிர் நாளில் அந்த நான்கு அங்குலத்தின் அருமை தெரியும்.

மூன்றாவது, இடம். நிலா வெளிச்சத்தில் ஆற்றையும் புல்வெளியையும் பார்த்துக்கொண்டு தூங்கலாம் என்று அங்கே போட்டோம். காற்றில்லாத, மேகமில்லாத இரவில் மலைச்சரிவில் குளிரும் காற்று கனத்துத் தண்ணீர்போலக் கீழே வழிந்து, பள்ளத்தில் வந்து தேங்கும். லையல் கேன்யன் போன்ற தட்டையான புல்வெளி அதற்கு ஏரி மாதிரி. மறு வருடம் அதே பள்ளத்தாக்குக்கு ஒரு சின்ன தெர்மாமீட்டரோடு போனேன். காலை ஐந்தரைக்குப் புல்வெளியில் மைனஸ் 6. ஐம்பது அடி மேலே, லாட்ஜ்போல் பைன் மரங்களுக்கு நடுவே எங்கள் கூடார வாசலில் மைனஸ் 2. மரக்கிளைகள் தலைக்குமேல் இருந்தால் வானத்துக்குப் போகும் சூடும் குறைகிறது, பனியும் அவ்வளவாகப் படிவதில்லை. ஐந்து நிமிடம் மேலேறியதற்கு நான்கு டிகிரி.

குயில்ட்டில் அச்சிட்டிருந்த எண்ணை நான் தவறாகப் புரிந்துகொண்டதும் உண்டு. 20 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 7 செல்சியஸ் என்று போட்டிருந்தார்கள். மைனஸ் 7 வரை சுகமாகத் தூங்கலாம் என்று எடுத்துக்கொண்டேன். ஸ்லீப்பிங் பேக்குகளுக்கான ஐஎஸ்ஓ 23537 தரநிலையில் சுகமான வெப்பநிலை ஒன்று, தாங்கும் எல்லை இன்னொன்று. இரண்டுக்கும் ஐந்தாறு டிகிரி வித்தியாசம் வரும். எல்லை என்றால் ஒருவர் உடம்பைக் குறுக்கிக்கொண்டு இரவைக் கழித்துவிட முடியும் என்று பொருள். குயில்ட்டுகளில் பெரும்பாலும் இந்த எல்லைக்கு நிகரான எண்ணைத்தான் போடுகிறார்கள், பல குயில்ட்டுகள் அந்தச் சோதனைக்குப் போவதும் இல்லை. அதனால் போட்டிருக்கும் எண்ணோடு ஐந்தாறு டிகிரியைக் கூட்டிப் பார்த்து வாங்குவது நல்லது. மைனஸ் 7 குயில்ட்டில் மைனஸ் 1 வரை எனக்குக் கவலையில்லை. அதற்குக் கீழே போனால் இறகு ஜாக்கெட்டும் கம்பளிக் காலுறையும் சேர வேண்டும்.

தலைக்கு வருகிறேன். குயில்ட்டில் தலைமூடி கிடையாது. அந்த வேலையை எனக்கு ஊட்டியில் அம்மா வாங்கிக் கொடுத்த குரங்குக் குல்லா செய்கிறது. கழுத்தை மூடும், வாயும் மூக்கும் வெளியே இருக்கும். குளிர் தாங்காமல் போர்வைக்குள் முகத்தை இழுத்துக்கொண்டு மூச்சுவிடுவது ஆரம்பத்தில் சுகமாக இருக்கும். ஆனால் மூச்சின் ஈரம் அத்தனையும் தூவிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஈரத்தைப் பற்றி நான் உண்மையில் கற்றது அதற்கடுத்த வருடம், டோனஹியூ கணவாய் தாண்டி தௌசண்ட் ஐலண்ட் லேக் வழியாக நான்கு இரவு நடந்தபோது. முதல் இரவு பிரமாதம். இரண்டாவது இரவு பரவாயில்லை. மூன்றாவது காலை விழித்தபோது, குயில்ட்டின் கால்பையில் வெளித்துணிமேல் கடுகு அளவுக்குப் பனிமணிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. கூடாரச் சுவரில் படிந்த ஈரம், கால் நீட்டியபோதெல்லாம் துணியில் ஒட்டி உறைந்திருக்கிறது. விரலால் தட்டினேன், மணிகள் உதிர்ந்தன. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். கால் பக்கத்துத் தையல் அறைகளில் தூவி முழுக்கப் பரவாமல், நனைந்த பஞ்சுபோல ஓரங்களில் உருண்டு நின்றது, நடுவில் வெறும் துணி. தோள் பக்கம் மூன்று விரல் உயரம் இருந்தது, கால் பக்கம் ஒரு விரல்கூட இல்லை.

நம் உடம்பிலிருந்து இரவெல்லாம் ஈரம் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. அது தூவியைத் தாண்டி வெளியே போகும் வழியில், குளிர்ந்த வெளிப்புறத்தை நெருங்கும்போது நீராகிவிடுகிறது. ஓர் இரவில் தெரியாது. மூன்று நான்கு இரவு சேர்ந்தால் குயில்ட்டின் சக்தியே குறைந்துவிடும். நீரை விலக்கும் பூச்சுள்ள தூவி கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அதனால் இப்போதெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது, எவ்வளவு அவசரமானாலும், குயில்ட்டை எடுத்துச் சூடான பாறையில் விரித்துவிடுகிறேன். கறுப்பு உள்துணி வெளியே வரும்படி புரட்டிப் போட்டால் சீக்கிரம் காய்கிறது. இந்த சியரா நெவாடா மலைகளின் உலர்ந்த காற்றில் அரை மணி நேரம் போதும். இரவில் கால்பைமேல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டால் சுவர் ஈரம் ஒட்டாது. கூடாரத்தின் காற்றுச் சந்துகளை, குளிர்கிறது என்று மூடக் கூடாது. மூடினால் உள்ளேயே மழை பெய்யும்.

இது தூவி மட்டுமே கதியென்று கிடப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும்கூட. நாள் கணக்கில் மழை பெய்யும் இடத்துக்கு, வெயிலே முகம் காட்டாத இடத்துக்குப் போகிறீர்கள் என்றால் செயற்கை இழைதான் பாதுகாப்பு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்காலத்தில் தங்குவதென்றால் நான் தூவியை எடுத்துப்போக மாட்டேன்.

படுக்கப்போகும் முன் செய்வதில் எனக்கு விட முடியாதவை சில இருக்கின்றன. கொதித்த தண்ணீரைக் கெட்டியான பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, ஒரு காலுறைக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்வேன். விடியும்வரை வெதுவெதுப்பு இருக்கும், காலையில் குடிக்க உறையாத தண்ணீரும் இருக்கும். தண்ணீர் ஃபில்டரை ஒரு பையில் போட்டுக் குயில்ட்டுக்குள்ளேயே வைப்பேன். ஒருமுறை உறைந்துவிட்டால் அதன் உள்ளிழைகள் வெடித்துவிடும், பார்த்தால் தெரியவும் தெரியாது. ஃபோனும் உள்ளேதான். அப்புறம், சாப்பாடு. யோசெமிட்டியில் கரடி டப்பா, அதாவது கரடியால் திறக்க முடியாத உணவு டப்பா, கட்டாயம், கூடாரத்துக்குள் தின்பண்டம் வைக்கக் கூடாது. நடு ராத்திரி பசித்தால் எடுத்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. அதனால் படுக்கும் முன்பே இரண்டு கடலை மிட்டாயைத் தின்று, மீதியை டப்பாவில் பூட்டித் தள்ளி வைத்துவிட்டுத்தான் வருவேன். குயில்ட் சூட்டை உண்டாக்குவதில்லை, நாம் உண்டாக்குவதைக் காக்கிறது. வெறும் வயிற்றோடு படுத்தால் அது காப்பதற்கு ஒன்றும் இருக்காது.

இரண்டு வருடம் ஆனதும் துவைத்தேன். கழுத்துப் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, அங்கே மட்டும் உப்பல் குறைந்திருந்தது. சாதாரண சோப்புத்தூள் தூவியில் இருக்கும் இயற்கை எண்ணெயை எடுத்துவிடும் என்பதால், தூவிக்கென்றே விற்கும் சோப்புத் திரவத்தை வாங்கினேன். குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, முழங்காலிட்டு உட்கார்ந்து, மெல்ல அமுக்கி அமுக்கி எடுத்தேன். சாம்பல் நிறத் தண்ணீர் வந்தது. நனைந்த கோழி வாடை. மொத்தத் தூவியும் சுருங்கி ஒரு கைப்பிடிக்குள் வந்துவிட்டதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது, கெடுத்துவிட்டோமோ என்று. தூக்கும்போது ஈரக் கனத்தில் உள் தடுப்புகள் கிழிந்துவிடும், அதனால் ஒரு முனையைப் பிடித்துத் தூக்காமல் அடியில் இரு கையையும் கொடுத்து அள்ளி எடுக்க வேண்டும். உலர்த்தும் எந்திரத்தில் மிகக் குறைந்த சூட்டில், மூன்று டென்னிஸ் பந்துகளோடு போட்டேன். மூன்று மணி நேரம். அரை மணிக்கொருமுறை வெளியே எடுத்து, உருண்டு கிடந்த தூவியை விரலால் தடவிப் பிரித்துவிட்டேன். கடைசித் தடவை எடுத்தபோது, புதிதாக வாங்கிய நாளைவிட உயரமாக உப்பியிருந்தது. வீட்டில் வைக்கும்போது சின்னப் பையில் திணிப்பதில்லை. பெரிய பருத்தி உறையில் தளர்வாகப் போட்டு அலமாரி மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அமுங்கியே மாதக்கணக்கில் கிடந்தால் அதற்கு எழுந்து நிற்கத் தெரியாமல் போய்விடும்.

பனிமேல் ஒரே ஒரு தடவை குயில்ட்டில் தூங்கியிருக்கிறேன். பிப்ரவரியில், யோசெமிட்டியின் பேட்ஜர் பாஸிலிருந்து, பனியில் புதையாமல் நடக்க உதவும் ஸ்னோஷூ மாட்டிக்கொண்டு டூயி பாயின்ட் பக்கம் போனபோது. ஃபோம் பேட், அதன்மேல் காற்றுப் பேட், உள்ளே தூவிக் குயில்ட், அதற்குமேல் லேசான செயற்கை இழைக் குயில்ட் ஒன்று. மேலே உள்ளது சூட்டுக்கு மட்டும் அல்ல. உடம்பு ஈரம் நீராக மாறும் இடம் தூவியைத் தாண்டி அந்தச் செயற்கை இழைக்குள் போய்விடும், தூவி உலர்ந்தே இருக்கும். மைனஸ் 11 வரை போனது, நன்றாகத் தூங்கினேன். ஆனாலும் அதற்குக் கீழே, காற்று அடிக்கும் திறந்த வெளியில், கழுத்திலும் ஓரத்திலும் ஒரு சந்துகூட விடக்கூடாத இரவுக்குத் தலைமூடியுள்ள நல்ல ஸ்லீப்பிங் பேக்தான் சரி என்பது என் கருத்து. என் மனைவியும் பேக்தான். அவள் இரவில் பத்துத் தடவை புரள்கிறவள். இரண்டு இரவு குயில்ட்டை முயன்று பார்த்துவிட்டு, “எனக்கு என் பேக்கே போதும்” என்றாள். அவளை நான் வற்புறுத்தவில்லை.

போன அக்டோபரில் மறுபடி லையல் கேன்யன். அதே மைத்துனன், இந்தத் தடவை அவனும் குயில்ட்டோடு வந்திருந்தான். புல்வெளியை விட்டு மேலேறி, மரங்களுக்கு நடுவே கூடாரம் போட்டோம். அவன் பேடில் பட்டையை மாட்டிக் கொடுத்தேன், கொக்கியை எங்கே வைப்பது என்று காட்டினேன். இரவில் ஒருமுறை விழித்தேன். ஆற்றின் சத்தமும் அவன் குறட்டையும் மட்டும் கேட்டன. திரும்பிப் படுத்தேன். போர்வை இருந்த இடத்திலேயே இருந்தது.

வெயில் கிழக்குச் சரிவைத் தாண்டி வர எட்டரை ஆனது. கூடாரத்துக்கு முன்னால் இருந்த கிரானைட் பாறையில் இரண்டு குயில்ட்டுகளையும் விரித்துவிட்டுக் காபி போட உட்கார்ந்தோம். கால் பக்கம் கொஞ்சம் சோர்ந்து கிடந்தது. டம்ளர் காலியாவதற்குள் ஒவ்வோர் அறையாக மெல்ல மேலெழுந்தது.

“பாருங்க அத்தான், மூச்சு விடுது” என்றான் அவன்.